குவாட்டர் பாட்டில் மீன்

என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு மூன்று குவாட்டர் பாட்டில் தண்ணீர்தான். கிட்னி இரண்டும் கெட்டுப்போன பிறகு டாக்டர் சொன்ன அளவு அது. டம்ளரில் குடித்தால் கை மீறிவிடும் என்று காலையிலேயே மூன்று பாட்டிலிலும் பிடித்து ஜன்னலில் வைத்துக்கொள்வார். வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் இரண்டு காலியாகிவிடும். மூன்றாவதைக் கையில் எடுப்பார், பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார்.

அந்தப் பாட்டில்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சம் வந்ததே இல்லை. அதற்காக அவரைக் குடிகாரர் என்று நினைக்க வேண்டாம். ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. அவர் ஃபைட்டர் மீன் வளர்த்தவர்.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் பல வருஷம் வண்ண மீன் கடை வைத்திருந்தார். தங்கமீன், கப்பி, மாலி எல்லாம் கொளத்தூரிலிருந்து வரும். ஃபைட்டரை மட்டும் வெளியில் வாங்க மாட்டார். வீட்டுப் பின்பக்கத்தில் தானே குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பார். ஆண் ஃபைட்டர் இரண்டை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துப்போட்டுவிடும். அதனால் ஒன்றுக்கு ஒரு பாட்டில். ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் அட்டை. துள்ளிக் குதிக்காமல் இருக்க மூடி, அந்த மூடியில் காற்றுக்கு ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஒரு துண்டு காய்ந்த பாதாம் இலை. இலையின் சாறு இறங்கி, தண்ணீர் பிராந்தி நிறத்துக்கு வந்துவிடும். ஃபைட்டருக்கு அந்தத் தண்ணீர்தான் மருந்தும் சாப்பாடும் என்பார். புதிதாக வருகிறவர்கள் எங்கள் பின்பக்கத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் தப்பாகத்தான் நினைப்பார்கள்.

காலி பாட்டில் கொண்டுவந்து தருவது அவருடைய பெரியப்பா மகன். எனக்கு மூத்தார் முறை. பெயிண்ட் அடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மஞ்சப்பை நிறைய பாட்டிலோடு வந்து நிற்பார்.

"ஒன் மீனு வளரணுமேன்னுதான்டா நான் குடிச்சிக்கினு இருக்கறேன். எனுக்கு இன்னாத்துக்கு இந்தக் கெட்ட பழக்கம்?"

"இன்னும் ஒரு ஈடு குஞ்சு பொரிச்சா நீ செத்துடுவ," என்பார் இவர்.

"சாவறேன். நாலு பேரு சொல்லுவான், மீனுக்காக உயிரக் குடுத்தான்னு."

இப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொள்வேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சேர்ந்து பேசியதில்லை. எனக்கு எப்போதுமே ஆட்களைக் கண்டால் வாய் கட்டிக்கொள்ளும். பாட்டில் கழுவுவதுதான் என் வேலை. சோப்புப் போடாமல், கல் உப்பும் மணலும் போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும்.

உடம்பு கெட்ட பிறகு கடையை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டோம். தொட்டிகளும் மீன்களும் போய்விட்டன. பின்பக்கம் சில காலி பாட்டிலும் அட்டையும் மட்டும் மிச்சம். வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரம் போய் டயாலிசிஸ். ஒருநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயமும் பலவீனமாக இருக்கிறது, மனசைத் தயார்பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். நான் அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவரே சொன்னார்.

"நாம வித்ததெல்லாம் பட்டுப் பொடவ கட்டிவுட்ட மீனும்மே. பாட்டில்ல பொறந்து பாட்டில்லயே சாவறது. அதுக்கு மூல மீனுன்னு ஒண்ணு காட்டுல இருக்குது. அத்த ஒருவாட்டி பாக்கணும். அது கூடு கட்டி, முட்ட வுட்டு, குஞ்சு வெளிய வர்றத பாத்துட்டன்னா போதும். அப்புறம் எப்ப வேணா போலாம்."

எங்கே போலாம் என்று நான் கேட்கவில்லை. அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மீன்கள் மலேசியாவில், சதுப்புக் காட்டில் இருக்கின்றன என்று போனில் பார்த்து வைத்திருந்தார். என் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது ஜொகூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஊரில். பாமாயில் எடுக்கும் பனையை அங்கே செம்பனை என்கிறார்கள். அவள் புருஷன் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆள், பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி, வெயிட் தூக்கக் கூடாது, கூட ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று போன் வந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. நான்தான் போக வேண்டும். இவரை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இரண்டு நாள் அழுதேன். அவர்தான் பிடிவாதமாக அனுப்பினார்.

"தங்கச்சிய பாத்த மாதிரியும் ஆச்சி, மீன கொண்டாந்த மாதிரியும் ஆச்சி."

"எனக்கு மீனப் பத்தி இன்னாங்க தெரியும்? பாட்டில் கழுவத்தான் தெரியும்."

"சோப்பு போடாத கழுவணும்னு தெரியுமில்ல? அவ்ளோதான் மீனு. ரெண்டு ஜோடி போதும். அதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம். அது அதுங்க ஊரு."

அவரைப் பார்த்துக்கொள்ள விழுப்புரம் பக்கம் கெடாரிலிருந்து என் நாத்தனார் வந்தார். அவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வரும்போதே ஒரு மூட்டை மல்லாட்டை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கிட்னிக்கு ஆகாது என்று சொன்னதும், "உரிச்சி மோந்தாவது பாக்கட்டும், எந்தம்பி," என்றார்.

முதல் தடவை பிளேன். பக்கத்து சீட்டுப் பெண் பேச்சுக் கொடுத்தபோது தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

தங்கைக்கு உடம்பு தேறிய பிறகுதான் நான் மீன் பேச்சை எடுத்தேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தையல் பிரியப்போகிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்லேர்ந்து வர்றவங்க எல்லாம் சாக்லேட்டு, தைலம், போர்வைன்னு வாங்கிக்கினு போவாங்க. எங்கக்கா சாக்கடைல எறங்கி மீனு புடிக்கப் போறா."

அவள் புருஷன் சிரிக்கவில்லை. "இக்கான் லாகா, சண்ட மீனுதானே அக்கா? சின்னப் பிள்ளையில புடிச்சிச் சண்ட விடுவோம் லா. இப்ப எங்க இருக்கு, காடே இல்ல," என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, "ஒரு இடம் இருக்கு," என்றார்.

மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். வழியெல்லாம் செம்பனை. ஒரே உயரம், ஒரே வரிசை. கடைசியில் ஒரு துண்டு காடு, அதன் ஓரமாக ஒரு வாய்க்கால். வாய்க்காலின் இந்தக் கரையில் மஞ்சள் நிற மண்வாரி இயந்திரம் ஒன்று கையை மடக்கிக்கொண்டு நின்றது. வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தேன். டிகாஷன் மாதிரி இருந்தது. கையில் அள்ளினால் தெளிவு, உள்ளே பார்த்தால் கறுப்பு. எங்கள் பாட்டில் தண்ணீரின் நிறம்தான். பல தலைமுறை இலை விழுந்து ஊறிய நிறம்.

அவருக்கு வீடியோ கால் போட்டோம். தங்கை புருஷன் கரையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, அரிசி வடிக்கும் பிளாஸ்டிக் கூடையோடு இறங்கினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். அடியில் இலை மெத்தை மாதிரி அமுங்கியது. மோட்டாரில் போன இரண்டு மலாய்ப் பெண்கள் வண்டியை நிறுத்தி என்னவோ கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அப்படியே முழுகிப்போய்விடலாமா என்று இருந்தது.

"போன கீழ எறக்கச் சொல்லு," போனில் அவர் குரல். "இன்னும் கீழ. ஏய், உன் மூஞ்சிய நான் நெறய பாத்துட்டேன், தண்ணிய காட்டு."

"மாமா, உங்களுக்குக் கொழுப்பு லா," என்றார் தங்கை புருஷன்.

"மீன தேடாதம்மே. இலைய அப்டியே அள்ளு. இலைக்கு அடிலதான் பூந்துக்கினு இருக்கும்."

அள்ளினேன். ஒரு தடவை வெறும் இலை. ஒரு தடவை கண்ணாடி மாதிரி இறால் குஞ்சு. ஒரு தடவை என்னவோ புழு. காலில் அட்டை ஏறியது பிறகுதான் தெரிந்தது. எத்தனையாவது தடவையோ, கூடையில் கரித்துண்டு மாதிரி ஒன்று துள்ளியது. சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. இதற்கா இவ்வளவு என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தங்கை வீட்டு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு அதை விட்டேன். கொஞ்ச நேரம் மூலையில் கிடந்தது. அப்புறம் மெதுவாகத் துடுப்பை விரித்தது. கறுப்பு உடம்பு, துடுப்பின் ஓரமெல்லாம் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு.

போனைக் கிண்ணத்துக்கு நேராகக் காட்டச் சொன்னேன். கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "டேய் தம்பி, இன்னாடா ஆச்சி? மீனுக்காடா அழுவற? கொழம்பு மீன பாத்து இப்டி ஒருநாளும் அழுவலியே நீ."

இரண்டு ஆண், இரண்டு பெண் கிடைத்ததும் கூடையைக் கழுவிவிட்டு ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு விழுந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன்.

கட்டும் விதத்தைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். பயணத்துக்கு முன் இரண்டு நாள் இரை போடக் கூடாது, போட்டால் அது கழிந்து தண்ணீர் விஷமாகும். ஒரு பையில் ஒரு மீன். கால் பங்கு தண்ணீர், மிச்சமெல்லாம் காற்று. மற்ற மீனுக்கு ஆக்சிஜன் அடைப்பார்கள், ஃபைட்டர் மேலே வந்து காற்றையே குடித்துக்கொள்ளும், அது வேண்டாம். பையின் இரண்டு மூலையையும் மடித்து ரப்பர் பேண்ட் போட வேண்டும், சின்ன மீன் மூலையில் போய்ச் சிக்கி நசுங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அந்தக் காட்டு இலையிலேயே ஒரு துண்டு. வெளியே செய்தித்தாள் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பெட்டியைச் சூட்கேசில் துணிக்கு நடுவே வைத்தேன். கூடவே பெரிய பாட்டில்களில் வாய்க்கால் தண்ணீர். தண்ணீரை எப்படிக் கொண்டுபோவாய் என்று தங்கை திட்டினாள். எனக்கு வாங்கிக்கொடுத்த போர்வையை எடுத்துவிட்டுத்தான் இடம் பிடித்தேன்.

பேப்பர், அனுமதி இல்லாமல் உயிர்மீன் கொண்டுவரக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் பயம் இருந்தது. சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வரும்போது ஒரு அதிகாரி நிறுத்தினார்.

"பெட்டில என்னம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மீனுங்க," என்றேன்.

"எந்த ஊரு?"

"திண்டிவனங்க."

"மரக்காணம் கடலப் பக்கத்துல வெச்சிக்கிட்டு மலேசியாலேர்ந்தா கருவாடு கொண்டுவர்றீங்க? போங்க, போங்க. நாறப்போவுது." பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நான் கருவாடு என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "நல்லா கீறியா?" என்றார். கண் பெட்டி மேல் இருந்தது. நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

பையை உடனே திறக்கவிடவில்லை. பக்கெட்டில் மிதக்கவிட்டு, நான் கொண்டுவந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். பாதியில் ஸ்பூனை நான் வாங்கிக்கொண்டேன். மூன்று பை உயிரோடு இருந்தது. நாலாவதில் ஒரு பெண் மீன், மடித்த மூலைக்குள்ளேயே எப்படியோ புகுந்து செத்திருந்தது. அவர் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"உம் மேல தப்பில்ல. இவ்ளோ தூரம் வந்திருக்குது பாரு, அதுவே பெருசு."

ஆக, இரண்டு ஆண், ஒரு பெண். ஒரு ஆணைக் குவாட்டர் பாட்டிலில் தனியாக விட்டார். மற்ற ஆணையும் பெண்ணையும் நீல பிளாஸ்டிக் டப்பில், அந்த வாய்க்கால் தண்ணீரோடு மழைத்தண்ணீர் கலந்து, பாதாம் இலையும் உடைந்த சட்டி ஓடும் போட்டு விட்டார். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் ஒரு சொட்டு பட்டாலும் தாங்காது என்று டப்பைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வைத்தார்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "இதுல மீனு எங்கடா கீது? வெறும் இலையும் தழையுமா கீது."

"கீதுக்கா. ஒளிஞ்சிக்கினு கீது."

"சாக்கடத் தண்ணிய பிளேன்ல ஏத்திக் கொண்டாந்துருக்குறா பாரு உம் பொண்டாட்டி. ஊரே சிரிக்கும்." என் தலையைத் தடவிவிட்டு அன்றைக்கே கெடார் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நல்ல நாட்கள் என்றுதான் சொல்வேன். காலையில் அவர் தண்ணீர் பாட்டில்களை ஜன்னலில் வைத்துவிட்டு டப்புக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். நாக்கு வறண்டு உதடு வெடித்திருக்கும். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஒங்களுக்குத் தாகம் எடுக்கலியா, இதப் பாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். "இதப் பாக்கறப்போதான் எடுக்கல," என்றார்.

ஆண் மீன் சட்டி ஓட்டுக்கு அடியில் குமிழி ஊத ஆரம்பித்தது. ஃபைட்டர் மீனின் கூடு அதுதான். வாயில் காற்றை எடுத்து எச்சிலோடு சேர்த்துச் சின்னச் சின்னக் குமிழியாக ஒட்டி வைக்கும். ஒரு புதன்கிழமை விடியற்காலை என்னை எழுப்பினார். குமிழிக்கு நடுவே ரவை ரவையாக முட்டை. நாங்கள் கடையில் விற்ற ஃபைட்டரில் முட்டை விட்டதும் ஆண், பெண்ணைக் கடித்துத் துரத்திவிடும். இங்கே பெண்ணும் ஓட்டுக்கு வெளியே காவல் மாதிரி நின்றது.

"சண்டயே இல்லம்மே. காட்டுல எல்லாம் ஒண்ணாதான் இருக்கும் போல. நாமதான் பாட்டில்ல போட்டு பிரிச்சி வெச்சிருக்கறோம்." குனிந்தபடியே சொன்னார். "நாளைக்கி பொரிச்சிடும். பொரிச்சா வாலு கீழ தொங்கும். பாரு, மழ பேஞ்சா ஓட்டுல தொங்கற சொட்டு மாதிரி இருக்கும்."

அன்று டயாலிசிஸ் நாள். போக மனசில்லாமல் இரண்டு தடவை பின்பக்கம் போய்ப் பார்த்தார். "ஜல்தி போயிட்டு ஜல்தி வந்துடலாம்," என்று அவரே கிளம்பினார்.

விழுப்புரத்தில் மெஷின் மாட்டிய நர்ஸ் அவருக்கு ரொம்ப நாள் பழக்கம். "இன்னா சார், மூஞ்சி இன்னிக்கி சிரிக்குது?" என்றார்.

"வீட்ல முட்ட வுட்டுருக்குது சிஸ்டர்."

"கோழியா?"

"மீனு."

"மீனு முட்டையா? பொரிச்சா எங்குளுக்கும் கொண்டாங்க, வறுத்துத் திம்போம்."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் குளிருது என்றார். போர்வையை இழுத்துவிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிரஷர் இறங்கிவிட்டது என்று எல்லோரும் ஓடிவந்து என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். வெளியே நின்றேன்.

மறுநாள் மத்தியானம் எடுப்பதாக முடிவானது. கண்ணாடிப் பெட்டியில் அவரை வாசலில் வைத்திருந்தார்கள். அண்ணி கெடாரிலிருந்து வந்து தலைமாட்டில் விழுந்தார். மேளம் வந்தது. மூத்தார்தான் எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். எனக்குப் பூ வைத்து, வளையல் போட்டு, என்னென்னவோ செய்தார்கள். எடுப்பதற்கு முன்னால் முகம் கழுவ என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். ஒரு நொடி டப்புப் பக்கம் குனிந்தேன்.

வால் தொங்கியது. அவர் சொன்ன மாதிரியே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், குமிழிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக. ஒன்று நழுவி விழுந்தது. ஆண் மீன் கீழே போய் வாயில் கவ்விக்கொண்டு வந்து திரும்ப ஒட்டியது.

வாசலுக்கு வந்து அவர் காதுக்கிட்டே குனிந்து சொன்னேன். "பொரிச்சிடுச்சிங்க." பெட்டியை அப்போது திறந்திருந்தார்கள். என்னை இழுத்து உட்காரவைத்தார்கள்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனை வரைக்கும்தான். ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் வந்து வீட்டைக் கழுவுவார்கள். சாவு விழுந்த வீட்டில் இருந்த தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. குடம், அண்டா, பக்கெட், குடிக்கிற சொம்பு என்று எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் புதுத்தண்ணீர் பிடிக்க வேண்டும். எனக்கு இது தெரியாதது இல்லை. எத்தனையோ வீட்டில் நானே கொட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது என் ஞாபகத்திலேயே வரவில்லை. தெருமுனையிலிருந்து என்னைத் தாங்கிக் கூட்டிவந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரப்புடவையோடு நடுவீட்டில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் பெண்கள்.

பின்பக்கத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. முதலில் குடம். குடத்துக்குக் கழுத்து உண்டு, களக் களக் என்று விட்டுவிட்டுக் கொட்டும். அப்புறம் பக்கெட். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது.

"மீனு," என்றேன். அழுது அழுது குரல் போயிருந்தது. "மீனு, மீனு."

பக்கத்தில் இருந்தவர் என்னைக் கட்டிக்கொண்டார். "ஆமாண்டி எம்மா, மீனு மீனுன்னே இருந்தாரே," என்று அழுதார். இன்னொருவர் அதை ராகமாகவே எடுத்துவிட்டார். மீன வளத்த ராசா, எங்கள வுட்டுப் போனீரே என்று. கூட்டமே அதைப் பிடித்துக்கொண்டது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். விழப்போகிறாள் என்று நாலு கை என்னைப் பிடித்துக்கொண்டது. மீனு என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். என் மேல் உள்ள பிரியத்தில்தான் அழுதார்கள்.

பின்பக்கம் டப்பு கவிழ்ந்தது. அதற்குக் கழுத்து இல்லை. ஒரே சத்தம், அவ்வளவுதான். அப்புறம் விளக்குமாறு தேய்க்கும் சத்தம்.

பிடித்த கைகள் விட்டபோது நான் பின்பக்கம் போனேன். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, போர் தண்ணீர் ஊற்றித் தேய்த்தது. சாக்கடை வாயில் பாதாம் இலைத் துண்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தேன். ஜன்னலில் அவர் முந்தின நாள் பிடித்து வைத்துவிட்டுப் போன பாட்டில்களும் காலியாகக் கவிழ்ந்திருந்தன. அன்றைக்கு ஒன்றுதான் குடித்திருந்தார். தனியாக விட்ட ஆண் மீனின் பாட்டிலையும் காணவில்லை. அதையும் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு திரும்பினார்கள். எல்லோரும் விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூத்தார் மட்டும் வாசலைத் தாண்டி வராமல் கேட்டோரம் நின்றார். தலையைத் தூக்கவில்லை.

"ஏம்மா. இங்க கொஞ்சம் வா."

போனேன். துண்டுக்குள்ளிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்தார். பாதிதான் தண்ணீர் இருந்தது. பிராந்தி நிறம்.

"காலைல பின்னாடி அட்டைக்கு நடுவுல இருந்திச்சி. எவனோ மேளக்காரனுக்கு வாங்கி ஒளிச்சி வெச்சிருக்கறான்னு எடுத்து இடுப்புல சொருவிக்கினேன். அங்க போற வரிக்கும் ஒழுவிக்கினே வந்துச்சி. மூடில ஓட்ட போட்டு வெச்சிருந்தத நான் பாக்கல. எல்லாம் முடிஞ்சி, ஒரு வாய் ஊத்திக்கலாம்னு தொறந்து கிளாஸ்ல சாய்ச்சேன். உள்ளேர்ந்து மீனு பாக்குது." அவர் வாய் கோணியது. "கிளாஸ்ல சாய்ச்சத திரும்ப உள்ளியே ஊத்திட்டேம்மா. அவனே வந்து பாக்கறாப்ல. கொள்ளி வெக்கறப்போ இது எம்மடிலதான் இருந்திச்சி."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் இலையோடு இலையாகக் கிடந்தது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்ப இறங்கியது. நான் போக முடியாத இடம் வரைக்கும் அவரோடு போய்வந்திருக்கிறது.

அண்ணி எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியாது. பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ அந்த டப்புல..." என்றார். அப்படியே கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டப்பைக் கவிழ்த்தது அவர்தான்.

காரியம் முடிகிற வரைக்கும் அண்ணி என்னோடு இருந்தார். அதைப் பற்றி நானும் பேசவில்லை. கடைசி நாள் அவரே, "தண்ணி கலங்கலா இருந்துச்சிம்மா, அழுத அழுகையில ஞாபகமே வரல, மீனு இருக்கறதும் எங்கண்ணுக்குத் தெரியல," என்றார். "அது எங் கண்ணுக்கே தெரியாது அண்ணி," என்றேன். உண்மைதான். குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். குஞ்சு இருந்தது என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

அந்த ஒற்றை ஆண் மீனை அவர் தண்ணீர் பிடித்து வைக்கும் ஜன்னலில் வைத்திருக்கிறேன். மழைத்தண்ணீரும் பாதாம் இலையும்தான். மேலே குமிழி ஊதி வைக்கிறது. முட்டை இல்லாத கூடு. ஒரு பெண் மீன் தேடிப் பார்க்கவா என்று தங்கை புருஷன் போனில் கேட்டார். மறுவாரம் அவரே, அந்த இடத்தில் மண் போட்டுவிட்டார்கள் அக்கா என்றார். சரி தம்பி என்றேன். மூத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் வருகிறார். உள்ளே வருவதில்லை. கழுவிய காலி பாட்டில் ஒன்றிரண்டைக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். ஒரு மீனுக்கு எத்தனை பாட்டில் வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணி மாசத்துக்கு ஒருதடவை மல்லாட்டையோடு வருவார். இப்போது அவருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால், சொம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரைக்கூட உடனே கொட்டுவதில்லை. வெளிச்சத்தில் சாய்த்து ஒருதடவை உள்ளே பார்ப்பார். அப்புறம் என்னைக் கூப்பிடுவார்.

"ஏம்மா, இத்த ஊத்தலாமா?"

நானும் வந்து எட்டிப் பார்ப்பேன். வெறும் தண்ணீர்தான்.

"ஊத்துங்க அண்ணி," என்பேன்.